தட்டுகிற சத்தம் கேட்கிறது

(பட்டிமன்றத் தலைப்பு: ஆபத்து வேளையில் மனிதனைக் கைவிடுவது கருவிக் குறைவா? கௌரவமா? 'கௌரவமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

"கருவி மட்டும் இருந்தால் போதும், எவனையும் காப்பாற்றிவிடலாம்" என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் நின்றுபோய், என் மைக்கை வாங்கிப் பேசி முடித்த எதிரணித் தலைவர் அவர்களே! (சிரிப்பு) பண்டிகை நாளும் அதுவுமாகப் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, குழந்தைகளே!

ஐயா, அவருக்கு மைக் கெட்டுப்போனதிலே எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? கருவி கைவிட்டது. உடனே என்ன செய்தார்? திரும்பிப் பார்த்து, "சார், உங்க மைக்கைக் கொடுங்க" என்றார். எதிரணிக்காரனிடம் போய்க் கேட்பதா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கேட்டார், கிடைத்தது. நான் பேச வேண்டியதை எனக்கு முன்னால் அவரே பேசிவிட்டார்! (கைதட்டல்)

இதுவரைக்கும் பேசியவர்கள் புயலைச் சொன்னார்கள், ரயில் விபத்தைச் சொன்னார்கள், ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு இடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கடலுக்கு அடியிலே. ஒரு நீர்மூழ்கிக் கப்பல் எழும்ப முடியாமல் தரையில் கிடக்கிறது. உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறான். இதை ஏன் எடுத்தேன் என்றால், கருவி இல்லாமல் ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியாத இடம் அது. எதிரணிக்கு ரொம்பச் சாதகமான மைதானம். அவர்கள் மைதானத்திலேயே ஆடிப் பார்த்துவிடுவோமே!

முதலில், உள்ளே இருப்பவன் நிலைமை என்ன? நாம் நினைப்போம், பிராணவாயு தீர்ந்துதான் சாவான் என்று. பெரும்பாலும் அப்படி இல்லைங்க. அதற்கு முன்னால் அவன் விட்ட மூச்சே அவனுக்கு எமனாகிவிடுகிறது. அடைத்த பெட்டிக்குள்ளே கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தலை வலிக்கும், மூச்சு இரைக்கும், புத்தி மங்கும். அதனாலேதான் மாட்டிக்கொண்ட மாலுமிகள் ஓடியாட மாட்டார்கள். படுத்துக்கொள்வார்கள். பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பேசினால் மூச்சு செலவு! நம்ம வீட்டிலே சில பேருக்கு அந்த யோகம் வாய்க்காது. (சிரிப்பு)

சரி, மூடியைத் திறந்துகொண்டு நீந்தி வரலாமே என்றால், கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடும். நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகட்டின் மேல் கடல் சுமத்துகிற பாரம் சுமார் 100 டன். பத்து லாரி சரக்கை ஒரு கதவின் மேல் அடுக்கிவைத்துவிட்டு, "திற" என்றால் எப்படித் திறப்பான்? தப்பிப்பதற்கென்று தனி அறை, தனி உடை எல்லாம் உண்டு. அதற்கும் ஆழ எல்லை இருக்கிறது. உடம்பும் தாங்க வேண்டும்.

ஆகவே மேலேயிருந்துதான் யாராவது வர வேண்டும். எப்படி வருவார்கள்? ஒரு குட்டி நீர்மூழ்கி இறங்கி, கிடக்கிற கப்பலின் மேல்மூடியைச் சுற்றி டம்ளரைக் கவிழ்த்த மாதிரி உட்காரும். இடையில் இருக்கிற தண்ணீரை வெளியேற்றிவிட்டால், கடலின் பாரமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு மூடியையும் திறந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக் குக்கர் மூடி அடுத்த வீட்டுக் குக்கருக்குப் பொருந்துமா? அளவு ஒன்றாக இருந்தால்தானே கேஸ்கெட் உட்காரும்! இந்தக் குக்கரை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது எதிரணியின் வாதத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி அழகாகச் சொன்னார்: "மனசு எவ்வளவு இருந்தாலும் கருவி இல்லாத காலத்தில் மனிதன் செத்தான். கருவி வந்தது, பிழைத்தான்." ரொம்ப சரி. ஆனால் அந்தக் கருவி ஏன் தாமதமாக வந்தது அம்மா? அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1925ஆம் ஆண்டு. அமெரிக்காவின் எஸ்-51 என்ற நீர்மூழ்கி ஒரு பயணிகள் கப்பலோடு மோதி மூழ்கியது. 33 பேர் இறந்தார்கள். அதே வகை நீர்மூழ்கியின் தளபதியாக இருந்த சார்லஸ் மாம்சன் என்ற இளம் அதிகாரியைத் தேடுவதற்கு அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தார். கடல் மேலே எண்ணெய் மிதக்கிறது, கீழேயிருந்து குமிழி வருகிறது. நண்பர்கள் கீழே இருக்கிறார்கள். இவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. மணி மாதிரி ஓர் இரும்புக் கூண்டை இறக்கி, மூடியின் மேல் உட்காரவைத்து ஆட்களை ஏற்றலாம் என்று படம் போட்டு மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். ஒரு வருஷத்துக்கு மேல் பதிலே இல்லை. பிறகு அதே அலுவலகத்துக்கு இவரையே மாற்றினார்கள். போய்ப் பார்த்தால், இவர் போட்ட படம் காகிதக் கட்டுக்குள்ளே அப்படியே கிடக்கிறது! (சிரிப்பு) சிரிக்காதீர்கள் ஐயா, மீதியையும் கேளுங்கள். எடுத்து மேலே கொடுத்தார். "நடைமுறைக்கு ஒத்துவராது" என்று தள்ளிவிட்டார்கள்.

1927 டிசம்பர் 17. எஸ்-4 என்ற இன்னொரு நீர்மூழ்கி, கடலோரக் காவல் கப்பலோடு மோதி மூழ்கியது. ஆழம் அதிகமில்லை, சுமார் 30 மீட்டர்தான். ஆறு பேர் முன்னறையில் உயிரோடு இருந்தார்கள். மேலேயிருந்து முக்குளிப்போர் இறங்கிச் சுத்தியலால் தட்டினார்கள். உள்ளேயிருந்து பதில் தட்டு வந்தது. தந்தி பாஷையில் தட்டித் தட்டியே பேசினார்கள். உள்ளேயிருந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு ஐயா: நம்பிக்கை ஏதாவது இருக்கிறதா என்று. மேலே புயல். வேலை நின்றது. மூன்று நாள் தட்டினார்கள். பிறகு தட்டு நின்றுவிட்டது. கப்பலில் இருந்த 40 பேரும் போனார்கள்.

அந்தக் கூண்டின் படம் எங்கே இருந்தது? அலுவலகத்திலே. அதைக் கருவிக் குறைவு என்று கணக்கெழுதுவீர்களா? பட்டம் பதவி இருக்கிறவனுக்கு, ஒரு சின்ன அதிகாரி சொன்னதைக் கேட்க மனம் வரவில்லை. நான் அதைக் கௌரவம் என்றுதான் எழுதுவேன்.

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. மாம்சனும் ஆலன் மக்கான் என்ற அதிகாரியும் பாடுபட்டு அந்தக் கூண்டைச் செய்து முடித்தார்கள். 1939 மே 23ஆம் தேதி ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கி, அமெரிக்கக் கிழக்குக் கரையில் சுமார் 74 மீட்டர் ஆழத்தில் உட்கார்ந்துவிட்டது. பின்பகுதியில் இருந்த 26 பேர் உடனே இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர். மறுநாள் கூண்டு இறங்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நாலாவது தடவை கம்பிவடம் சிக்கி அறுந்துபோகிற நிலைமை. கைகளாலேயே இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். நடு ராத்திரியைத் தாண்டிவிட்டது. 33 பேரும் பிழைத்தார்கள்! (கைதட்டல்)

எதிரணி கை தட்டுகிறது. தட்டுங்கள், தட்டுங்கள். ஒன்பது நாள் கழித்து என்ன நடந்தது என்பதையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

1939 ஜூன் 1. இங்கிலாந்து, லிவர்பூல் வளைகுடா. தீட்டிஸ் என்ற புத்தம்புது நீர்மூழ்கி வெள்ளோட்டம் போனது. வெள்ளோட்டம் என்பதால் கப்பல் கட்டியவர்கள், விருந்தாளிகள் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்குக் கூட்டம், 103 பேர். குண்டு ஏவும் குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளையைப் பெயின்ட் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லை என்று நினைத்துக் கதவைத் திறந்தார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது. மூக்குச் சேற்றில் குத்திக்கொண்டது.

மறுநாள் காலையில் என்ன காட்சி தெரியுங்களா? கப்பலின் வால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது! பகல் வெளிச்சம். சுற்றிலும் கப்பல்கள் நிற்கின்றன. ஸ்குவாலஸ் 74 மீட்டர் ஆழத்தில் கிடந்தது, 33 பேர் வந்தார்கள். இது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறது, நாலே பேர்தான் வெளியே வந்தார்கள். 99 பேர் உள்ளேயே போனார்கள். வாலில் ஓட்டை போடலாமா, போட்டால் கப்பல் வீணாகுமே, இழுத்துக் கட்டலாமா, யார் உத்தரவு கொடுப்பது, இப்படியே நேரம் போயிற்று. மத்தியானம் கட்டியிருந்த கம்பிவடம் அறுந்தது, வாலும் உள்ளே போய்விட்டது. பாடையும் கட்டாமல் பந்தலும் பிரிக்காமல் நின்ற கதை என்று எங்கள் பாட்டி சொல்வாள். அப்புறம் அந்தக் கப்பலை எடுத்துப் பழுதுபார்த்து, வேறு பேர் வைத்துப் போருக்கு அனுப்பினார்கள். கப்பல் மட்டும் வீணாகவில்லை. 1943இல் அதுவும் ஆட்களோடு போயிற்று.

இதெல்லாம் பழைய கதை, ஒரே நாட்டுக்குள்ளே நடந்த கதை. இனிமேல்தான் நாடு நாடாகப் பார்க்க வேண்டிய இடம். நடுவர் அவர்களே, 2000ஆவது ஆண்டுக்கு வருகிறேன். குர்ஸ்க்.

ரஷ்யாவின் பெருமை அது. 154 மீட்டர் நீளம். அணுசக்தியில் ஓடுவது. முழுகவே முழுகாது என்று பேர் வாங்கியது. (முழுகாது என்று பேர் வாங்கிய கப்பல்களின் ஜாதகம் நமக்குத் தெரிந்ததுதானே!) ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. பேரன்ட்ஸ் கடலில் பயிற்சி. 118 பேர். காலை பதினொன்றரை மணி வாக்கில் முன்பகுதியில் ஒரு டார்பிடோ வெடித்தது. இரண்டு நிமிஷம் கழித்து மற்ற குண்டுகளும் சேர்ந்து வெடித்தன. நார்வே நாட்டில் பூகம்பம் அளக்கிற கருவி அதைப் பதிவு செய்தது. பாருங்கள், அடுத்த நாட்டுக் கருவிக்கே கேட்டுவிட்டது!

பெரும்பாலானவர்கள் சில நிமிஷங்களிலேயே இறந்தார்கள். ஆனால் பின்னால் இருந்த 23 பேர் ஒன்பதாவது அறையில் ஒன்று சேர்ந்தார்கள். அவர்களில் திமித்ரி கொலெஸ்னிகோவ் என்ற அதிகாரிக்கு வயது 27. கல்யாணமாகிச் சில மாதம்தான். அவர் ஒரு காகிதத்தில் உயிரோடு இருக்கிறவர்களின் கணக்கை எழுதினார். மனைவிக்கும் எழுதினார். பிற்பகலுக்கு மேல் விளக்கு இல்லை. இருட்டிலே தடவித் தடவி எழுதினார். பிழைப்பதற்கு நூற்றுக்குப் பத்து, இருபது பங்குதான் வழி இருக்கும் போலிருக்கிறது என்று எழுதினார். படிக்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். அந்தக் காகிதம் அவர் உடம்போடு கிடைத்தது, அக்டோபரிலே.

மேலே என்ன நடந்தது? நீர்மூழ்கிக்கு ஆபத்து என்றால் தானாகவே மேலே வந்து அடையாளம் காட்டுகிற மிதவை ஒன்று உண்டு. முந்தின வருஷம் குர்ஸ்க் மத்தியதரைக் கடலுக்குப் போனபோது, அது தவறுதலாக வெளியே வந்து கப்பல் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அதை முடக்கிவைத்திருந்தார்கள். எதிரிக்குத் தெரியக் கூடாது என்று செய்தது, காப்பாற்றப் போகிறவனுக்கும் தெரியாமல் போய்விட்டது.

திங்கள்கிழமைதான் உலகத்துக்குச் சொன்னார்கள். அதுவும் எப்படி? ஞாயிற்றுக்கிழமை ஏதோ இயந்திரக் கோளாறு, கப்பல் தரையில் இறங்கியிருக்கிறது, உள்ளே இருப்பவர்களோடு தொடர்பு இருக்கிறது என்றார்கள். நடந்தது சனிக்கிழமை. வெளிநாட்டு நீர்மூழ்கி மோதியிருக்கலாம் என்றார்கள். பிரிட்டனும் நார்வேயும், "நாங்கள் வரட்டுமா?" என்று கேட்டன. பக்கத்து வீட்டுக்காரன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறான். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "எங்க வீட்டிலேயே ஏணி இருக்கு" என்கிறார். அவர்களிடமும் மீட்பு நீர்மூழ்கிகள் இருந்தன. பிரிஸ் என்று ஒரு வகை, பெஸ்டர் என்று ஒரு வகை. இறக்கினார்கள், பொருந்தவில்லை. மறுபடி இறக்கினார்கள், பொருந்தவில்லை. நீரோட்டம் என்றார்கள், கப்பல் சாய்ந்திருக்கிறது என்றார்கள், மூடி சேதமாகிவிட்டது என்றார்கள்.

ஆகஸ்ட் 16ஆம் தேதி, அதாவது நாலு நாள் கழித்து, "வாருங்கள்" என்றார்கள். பிரிட்டனின் எல்.ஆர்.5 என்ற மீட்பு நீர்மூழ்கி கப்பலேறி வந்தது. நார்வேயிலிருந்து எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலை செய்கிற முக்குளிப்போர் வந்தார்கள். 20ஆம் தேதி இறங்கினார்கள். 108 மீட்டர் ஆழம். சேதமாகிவிட்டதாகச் சொன்ன மூடி சரியாகவே இருந்தது. 21ஆம் தேதி காலை திறந்துவிட்டார்கள்! ஒரு வாரம் திறக்காத மூடி. உள்ளே முழுக்கத் தண்ணீர். எல்.ஆர்.5 இறங்க வேண்டிய தேவையே வரவில்லை.

அதற்கு மூன்று நாள் முன்னால், கடற்படைக் குடியிருப்பில் குடும்பங்களைக் கூட்டி வைத்துத் துணைப் பிரதமர் பேசினார். ஒரு தாய் எழுந்து நின்று கத்தினாள். பின்னாலிருந்து ஒருத்தர் வந்து ஊசி போட்டு, அந்த அம்மாவை மயக்கத்தோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தொலைக்காட்சி கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உலகமே பார்த்தது.

நடுவர்: ஒரு நிமிஷம். முதல் நாளே கூப்பிட்டிருந்தால் அந்த 23 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா உங்களால்?

ஐயா, நியாயமான கேள்வி. சொல்ல முடியாது. அவர்கள் எட்டு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருக்கவில்லை என்று ரஷ்ய விசாரணை முடிவு சொல்கிறது. மூச்சுக்காக வைத்திருந்த ரசாயனத் தகட்டில் எண்ணெய்த் தண்ணீர் பட்டு உள்ளே தீப்பிடித்தது என்றும் சொன்னார்கள். அது உண்மையென்றால், நார்வேக்காரன் சனிக்கிழமை மத்தியானமே விமானம் ஏறியிருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் எனக்கு இந்த மேடையில் இடமில்லை. (கைதட்டல்) ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நாலு நாளும், உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கொண்டுதானே இவர்கள் வேண்டாம் என்றார்கள்? தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று அவர்களே அறிவித்தார்கள். சத்தம் கேட்கிறது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, மறு பக்கம் ஏணியை வாங்க மாட்டேன் என்றால், அதற்கு நீங்களே ஒரு பேர் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு இருக்கிற வேதனை மகன் போனது மட்டும் இல்லை. "அன்றைக்கே கேட்டிருந்தால்..." என்ற ஒரு வார்த்தை இருக்கிறதே, அது ஆயுசுக்கும் விடாது.

குர்ஸ்க்குக்குப் பிறகு உலகம் விழித்துக்கொண்டது. 2003இல் இஸ்மெர்லோ என்று ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். வாயில் நுழையாத பெயர், ஆனால் வேலை சுலபமானது. எந்த நாட்டு நீர்மூழ்கி மாட்டிக்கொண்டாலும் அங்கே சொன்னால் போதும். எந்தக் கருவி எந்த நாட்டில் இருக்கிறது, எந்த விமானத்தில் ஏறும், எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் அதைத் தூக்கும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். நட்பு நாடு, பகை நாடு பேதம் கிடையாது. அப்புறம் நம்ம குக்கர்! மேல்மூடியைச் சுற்றியுள்ள வளையம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் ஒப்புக்கொண்டன. யார் வீட்டு மூடியும் யார் குக்கருக்கும் பொருந்தும். பிரிட்டன், பிரான்ஸ், நார்வே மூன்றும் கூட்டாகப் பணம் போட்டு ஒரே மீட்புக் கருவியை வாங்கி ஸ்காட்லாந்தில் வைத்திருக்கின்றன. அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரு டிராக்டர் வாங்கிப் பங்கு போடாமல் ஓட்டுவது நம்ம ஊரிலேயே அபூர்வம்! (சிரிப்பு)

இப்போது 2005. ஆகஸ்ட் 4. ரஷ்யாவின் கிழக்குக் கோடி, கம்சத்கா. மாட்டிக்கொண்டது எது தெரியுமா? பிரிஸ்! குர்ஸ்க்கைக் காப்பாற்ற இறங்கியதே, அதே வகை மீட்பு நீர்மூழ்கி. காப்பாற்றப் போகிறவனே கிணற்றில் விழுந்த மாதிரி. 190 மீட்டர் ஆழத்தில், மீன் வலையிலும், கடலடியில் ஒலி கேட்பதற்காக இவர்களே போட்டுவைத்த கம்பிவடத்திலும் சிக்கிக்கொண்டது. உள்ளே ஏழு பேர். தளபதி மிலாஷெவ்ஸ்கிக்கு 25 வயது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எதைக் கேட்க நாலு நாள் ஆனதோ, அதை இந்தத் தடவை மறுநாளே கேட்டார்கள்! அந்த இடத்தில் ராணுவ ரகசியம் கிடந்தது ஐயா. அந்நியன் கேமராவோடு வந்து பார்க்கப் போகிறான் என்று தெரியும். தெரிந்தே கேட்டார்கள். ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக் விமான நிலையத்திலிருந்து பிரிட்டிஷ் ராணுவச் சரக்கு விமானம் 'ஸ்கார்பியோ' என்ற ஆளில்லாக் கருவியை ஏற்றிக்கொண்டு பறந்தது. அமெரிக்காவும் ஒரு கருவியை அனுப்பியது. ஜப்பானிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. பிரிட்டிஷார் முதலில் வந்தார்கள். ரஷ்யத் துறைமுகத்தில், ரஷ்யக் கப்பலில் பிரிட்டிஷ் கருவி ஏறியது.

கீழே ஏழு பேரும் குளிரில் கதகதப்பான உடையைப் போட்டுக்கொண்டு, பேசாமல் அசையாமல் படுத்திருந்தார்கள். குடிக்க ஆளுக்குச் சில மடக்குத் தண்ணீர்தான். வீட்டுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டார்கள். மேலேயிருந்து ஸ்கார்பியோ இறங்கியது. கேமராவில் பார்த்துப் பார்த்து, இயந்திரக் கையால் வலையையும் கம்பியையும் ஒவ்வொன்றாக வெட்டியது. நடுவில் கருவி கோளாறு செய்தது, மேலே எடுத்துச் சரிசெய்து மறுபடி இறக்கினார்கள். (எதிரணியே, கருவி என்றால் கோளாறும் சேர்த்துத்தான்!) கடைசிக் கம்பி வெட்டுப்பட்டது. ஆகஸ்ட் 7. சுமார் 76 மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் குட்டிக் கப்பல் தானாகவே மேலே வந்து எட்டிப் பார்த்தது. ஏழு பேரும் தங்கள் கையாலேயே மூடியைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள்! (பலத்த கைதட்டல்)

கரையில் இறங்கும்போது மிலாஷெவ்ஸ்கி விறைப்பாக சல்யூட் அடித்தார். மூன்று நாள் படுத்தே கிடந்த ஆள்!

இனி எதிரணிக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறேன். கேட்டாலும் கிடைக்காத நேரம் உண்டு. 2017 நவம்பர் 15, அர்ஜென்டினாவின் சான் ஹுவான் 44 பேரோடு மறைந்தது. அதில் எலியானா கிராவ்சிக் என்ற பெண் அதிகாரியும் இருந்தார். அந்த நாட்டின் முதல் பெண் நீர்மூழ்கி அதிகாரி. பதினெட்டு நாடுகள் தேடலில் இறங்கின. அதில் பிரிட்டனும் ஒன்று. 1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு போர் செய்த அதே பிரிட்டன்! அதன் கப்பலும் விமானமும் வந்தன, இவர்களும் வாங்க என்றார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துத்தான், 907 மீட்டர் ஆழத்தில், நொறுங்கிய நிலையில் கிடைத்தது. அந்த ஆழத்தில் யார் கருவிக்கும் வேலையில்லை. ஒப்புக்கொள்கிறேன். கௌரவம் கொன்ற கணக்கில் அதை நான் சேர்க்கவே இல்லை.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 2011இல் ஸ்பெயின் பக்கம் நேட்டோ நடத்திய மீட்புப் பயிற்சியில் ரஷ்ய நீர்மூழ்கி ஒன்று கலந்துகொண்டது. அல்ரோசா என்று பேர். மேற்கத்திய நாடுகளோடு சேர்ந்து மீட்புக்குப் பழகினார்கள். 2014க்குப் பிறகு அந்த உறவு முறிந்துவிட்டது. இன்றைக்கு அங்கே போர். இன்னொரு பிரிஸ் சிக்கிக்கொண்டால், மறுநாளே கேட்பார்களா, கேட்டால் விமானம் பறக்குமா? கருவி அங்கேயேதான் இருக்கிறது ஐயா. முன்னைவிட நல்ல கருவி.

(மணி ஒலிக்கிறது)

மணி கேட்டுவிட்டது. ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

1973 ஆகஸ்ட் 29. அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் தொலைபேசி வடம் பதிக்கிற வேலை. பைசிஸ் 3 என்ற சின்ன நீர்மூழ்கி 480 மீட்டர் ஆழத்தில் விழுந்தது. உள்ளே இரண்டே பேர். ரோஜர் மாலின்சன், ரோஜர் சாப்மன். இரண்டு பேருக்கும் ஒரே பேர்! 72 மணி நேரத்துக்குத்தான் காற்று. ஒரு சாண்ட்விச், ஒரு டப்பா லெமனேட். பேசினால் காற்று செலவாகும் என்று, ஒருத்தர் கையை ஒருத்தர் அமுக்கி "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டார்கள். பிரிட்டனிலிருந்து ஒரு நீர்மூழ்கி, கனடாவிலிருந்து ஒன்று, அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓர் ஆளில்லாக் கருவி என்று மூன்று நாட்டுச் சாமான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 76 மணி நேரம் கழித்துத் தூக்கினார்கள். மீதி காற்று பன்னிரண்டு நிமிஷத்துக்குத்தான் இருந்தது.

அந்தச் சாப்மன் பிழைத்து வந்து என்ன செய்தார்? கடலடி மீட்பு வேலைக்கென்றே ரூமிக் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். 2005இல் கம்சத்காவில் இறங்கிய ஸ்கார்பியோவை இயக்கியது அந்த நிறுவனத்தின் ஆட்கள்தான்! அது ஜேம்ஸ் ஃபிஷர் என்ற நிறுவனத்தோடு சேர்ந்தது. அங்கேயிருந்துதான் நம் இந்தியக் கடற்படை ஆழ்கடல் மீட்பு நீர்மூழ்கி இரண்டு வாங்கியது. முதலாவது 2018இல் மும்பையில் சேர்ந்தது. இன்னொன்று விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. 650 மீட்டர் வரைக்கும் இறங்கும். ஒரு நடைக்கு 14 பேரை ஏற்றி வரும்.

2021 ஏப்ரல் 21. பாலித் தீவுக்கு வடக்கே, இந்தோனேசியாவின் நங்காலா 53 பேரோடு காணாமல் போனது. உள்ளே 72 மணி நேரத்துக்குக் காற்று இருக்கலாம் என்று கணக்கு. அன்றைக்கே இந்தோனேசியா கேட்டுவிட்டது, இஸ்மெர்லோ வழியாகச் செய்தி நமக்கும் வந்தது. சிங்கப்பூரின் மீட்புக் கப்பல் கிளம்பியது, மலேசியாவுடையது கிளம்பியது, ஆஸ்திரேலியக் கப்பல்கள் திரும்பின, அமெரிக்க விமானம் வந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலிருந்து நம் கருவியும் கப்பலேறியது. போய்ச் சேருவதற்குள் செய்தி வந்துவிட்டது. 838 மீட்டர் ஆழத்தில், மூன்று துண்டாக.

நம் கப்பல் பாதி வழியில் திரும்பியது.

(கைதட்டல்)